கொட்டேஷன் போடும் முன் எந்த கேம் என்று கேளுங்கள்

கேமிங் கணினி அசெம்பிள் செய்து விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி கோவை, மதுரை, திருச்சி என்று எல்லா ஊர்களிலும் உங்கள் கடைகள் இருக்கின்றன. ஆன்லைனில் எத்தனை தள்ளுபடி போட்டாலும், முதல் கேமிங் கணினியை வாங்கும் பிள்ளைகள் இன்றும் அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு உங்களிடம்தான் வருகிறார்கள். அந்தப் பெரியவருக்கு பிராசசரும் தெரியாது, கிராபிக்ஸ் கார்டும் தெரியாது. நீங்கள் சொல்வதை நம்பி, ஐம்பதாயிரமோ எண்பதாயிரமோ எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த நம்பிக்கையை மனதில் வைத்துதான் இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஜோடியாகப் பார்த்து, வாங்குகிறவர் விளையாடப்போகும் கேமுக்கு ஏற்றபடி கொடுங்கள்.

சொந்தக்காரர்களும் நண்பர்களும் வாங்கும் முன் கொட்டேஷனை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிக் கருத்து கேட்பது வழக்கம். பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ‘ஐ7, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், ஆர்ஜிபி கேபினட்.’ இதில் எந்த ஐ7? எந்தத் தலைமுறை? 4 ஜிபி என்பது கார்டின் மெமரி அளவு, கார்டின் பெயர் எங்கே? கேட்டுப் பார்த்தால் ஐ7 3770 என்பார்கள். அது 2012-ல் வந்தது. கார்டு ஜிடி 730 என்பார்கள். அது 2014-ல் வந்தது, அதிலும் மெதுவான டிடிஆர்3 மெமரி போட்ட ரகம். அலுவலகத்தில் எக்செல் ஓட்டிக் கழித்துவிட்ட பெட்டிக்குள் நான்கு வண்ண விசிறிகளை மாட்டி கேமிங் பிசி என்று ஒரு பையனுக்கு விற்பது நியாயமே இல்லை. 2022-ல் வந்த ஐ3 12100எஃப்-க்கும் நான்கு கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி), எட்டு திரெட்தான் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). எண்ணிக்கையில் அந்தப் பழைய ஐ7-க்குச் சமம். ஆனால் ஒவ்வொரு கோரின் வேகத்திலும் பத்து வருட இடைவெளி இருக்கிறது, கேமில் ஐ3 வெகுதூரம் முன்னால் போய்விடும். வாங்க வருகிறவருக்கு 3 சிறியது, 7 பெரியது என்று மட்டும்தான் தெரியும். உங்களுக்கு உண்மை தெரியும்.

சரி, ஜோடி ஏன் முக்கியம்? திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது ஒவ்வொரு படமும், இரண்டு கை மாறி வருகிறது. யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, எதிரி அடுத்து என்ன செய்வான் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு, ‘இதையெல்லாம் வரை’ என்று கட்டளை கொடுப்பது பிராசசர். அதை வாங்கி நிறமும் நிழலும் வெளிச்சமுமாக வரைந்து தருவது கிராபிக்ஸ் கார்டு. பரோட்டா கடையில் மாவு வீசுகிறவரும் கல்லில் போட்டு எடுக்கிறவரும் மாதிரி. வீசுகிறவர் மெதுவானவர் என்றால் எவ்வளவு பெரிய கல் போட்டாலும் பாதி இடம் காலியாகத்தான் கிடக்கும். ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் முடிக்க ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட் இருக்கிறது. நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிரப்ப வேண்டுமென்றால் 7 மில்லிசெகண்டுக்கும் குறைவு. இரண்டு பேரில் ஒருவர் அந்த நேரத்துக்குள் முடித்து மற்றவர் முடிக்காவிட்டால், ஃபிரேம் ரேட் பின்தங்கியவர் சொல்படிதான்.

போன வருடம் என் அக்கா மகன் வாங்கிய கணினியைப் பற்றிச் சொல்கிறேன். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, நல்ல கார்டு. மானிட்டரும் 144 ஹெர்ட்ஸ். ஆனால் பிராசசர் ஐ3 10105எஃப், ராம் 16 ஜிபி ஒரே ஸ்டிக்கில். சைபர்பங்க் 2077 என்ற கேமில் கூட்டமான தெருவுக்குள் நுழைந்தால் படம் வெட்டி வெட்டி வருகிறது என்றான். எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டுத் திரையின் மூலையில் எண்களை ஓடவிட்டோம். கார்டின் பயன்பாடு ஐம்பது சதவீதத்தைச் சுற்றியே நின்றது. ஃபிரேம் ரேட் நாற்பதுகளில் தடுமாறியது. கிராபிக்ஸ் செட்டிங்கை ஹையிலிருந்து லோவுக்கு இறக்கினோம். படம் மோசமானது, ஃபிரேம் ரேட் அப்படியே இருந்தது. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தோம், அப்போதும் அதே நாற்பதுகள். கார்டு சும்மா உட்கார்ந்து கட்டளைக்காகக் காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கடைக்காரரோ போனில், ‘டிரைவர் அப்டேட் பண்ணுங்க, சரியாயிடும்’ என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ஒற்றை ஸ்டிக்கை எடுத்துவிட்டு 8 ஜிபி இரண்டாகப் போட்டு டூயல் சேனலாக்கினோம் (டேட்டா இரண்டு வழியில் போகும்), கேம் செட்டிங்கில் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்தோம். வெட்டுவது நன்றாகவே குறைந்தது. ஆனாலும் அந்த மானிட்டர் இன்றுவரை 144-ஐப் பார்த்ததில்லை. கார்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து ஐ5 12400எஃப்-உம் அதற்கேற்ற மதர்போர்டும் போட்டு, ஒரு படி கீழே உள்ள கார்டு கொடுத்திருந்தால், அதே பட்ஜெட்டில் அவனுக்குக் கூடுதல் ஃபிரேம் கிடைத்திருக்கும்.

இங்கே உங்களில் பலர் சொல்லும் ஒரு பதிலையும் பேசியாக வேண்டும். ‘டாஸ்க் மேனேஜரைப் பாருங்க சார், சிபியு (பிராசசர்) நாற்பது சதவீதம்தான் ஓடுது, அதுல என்ன பிரச்சனை?’ அந்த நாற்பது எல்லாக் கோர்களின் சராசரி. பெரும்பாலான கேம்களில் முக்கியமான வேலை ஓரிரண்டு திரெட்களில்தான் குவிகிறது. அவை முழுதாக நிரம்பிவிட்டால் மற்ற கோர்கள் காலியாக இருந்தும் பயனில்லை. அதனால் பார்க்க வேண்டியது கார்டின் சதவீதத்தை. 95-க்கு மேல் நின்றால் கார்டு தன்னால் முடிந்த அளவுக்கு உழைக்கிறது. ஃபிரேம் ரேட்டுக்கு எந்த வரம்பும் வைக்காமலேயே அது மிகக் கீழே நின்றால், பெரும்பாலும் பிராசசரோ ராமோ தடுக்கிறது. அப்புறம் ராம் விஷயம்: 3200 என்று எழுதிய ஸ்டிக்கை வாங்கிப் போட்டுவிட்டு பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அந்த வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, ஆன் செய்யாமல் அனுப்பிவிடுகிறார்கள். அது 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிமிட வேலை இது. தயவுசெய்து செய்து கொடுங்கள்.

பெயர்க் குழப்பமும் உங்கள் கவுண்டரில்தான் தீர வேண்டும். ரைசன் 5 5600, 5600ஜி, 5500 மூன்றையும் ‘எல்லாம் ஆறு கோர்தான், ஒண்ணுதான்’ என்று சொல்லி விற்பதைக் கேட்டிருக்கிறேன். ஒன்றல்ல. 5600-ல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 32 எம்பி. மற்ற இரண்டிலும் 16 எம்பிதான். கேம்களுக்கு இந்த கேஷ் உயிர்நாடி. ஏஎம்டி 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி கொண்டுவந்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 5800எக்ஸ்-இல் உள்ள அதே எட்டு கோர்கள், கிளாக் வேகம் கொஞ்சம் குறைவுகூட, ஆனால் கேஷ் 32-லிருந்து 96 எம்பி ஆனது. பிராசசர் தடுக்கும் கேம்களில் அது தெளிவாக முந்தியது. அதே வழியில் வந்தவைதான் 7800எக்ஸ்3டியும் 9800எக்ஸ்3டியும்.

5600-க்கும் 5500-க்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. கார்டுக்கும் பிராசசருக்கும் நடுவே டேட்டா போகும் பாதையான பிசிஐஇ-யில் முன்னது 4.0, பின்னது 3.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கு லேன் (தடம்) மட்டுமே உள்ள 4 ஜிபி கார்டை 3.0-ல் மாட்டினால், மெமரி நிரம்பும் நேரத்தில் டேட்டா போக வழி பாதியாகிவிடுகிறது. நல்ல மதர்போர்டும் 5600-உம் சேர்ந்தால் அந்தக் கார்டு சமாளிக்கும். பழைய ஐ7 பெட்டியில் அதைச் செருகினால் இரண்டு பக்கமும் அடி.

கார்டுகள் எல்லாமே பிராசசரிடம் ஒரே அளவு வேலை வாங்குவதும் இல்லை. 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580 வந்தது. 249 டாலர், 12 ஜிபி மெமரி. உச்ச ரகப் பிராசசர்களோடு சோதித்தபோது ஆர்டிஎக்ஸ் 4060-ஐ முந்தியது, எல்லாரும் பாராட்டினார்கள். 2025 ஜனவரியில் ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு, ஹார்டுவேர் கனக்ஸ் யூடியூப் சேனல்கள் அதே கார்டைப் பழைய, நடுத்தரப் பிராசசர்களோடு போட்டுப் பார்த்தன. சில கேம்களில் அது பெரிதாகச் சரிந்தது. ரைசன் 5 5600-ஓடு சேரும்போதே சில இடங்களில் 4060-க்குப் பின்னால் போனது. காரணம், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் பிராசசரிடம் வாங்கும் கூடுதல் வேலை. யோசித்துப் பாருங்கள், அந்த விலைக் கார்டை வாங்குகிறவர் கையில் இருக்கப்போவது நடுத்தரப் பிராசசர்தானே? விமர்சகர்கள் கார்டைச் சோதிக்கும்போது இருப்பதிலேயே வேகமான பிராசசரைப் போடுவது சரியான முறைதான், கார்டின் எல்லை அப்போதுதான் தெரியும். ஆனால் அந்த கிராஃபை மொபைலில் காட்டி, ‘இதே எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) உங்களுக்கும் வரும்’ என்று ஒரு ஐ3-ஐச் சேர்த்து விற்பது வேறு விஷயம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது, ஆனால் அதன் வலி குறைவு. பெரிய பிராசசர், சின்னக் கார்டு என்றால் ஃபிரேம் ரேட் குறைவாக இருந்தாலும் ஓரளவு சீராக வரும், செட்டிங்கைக் குறைத்தால் ஏறும், பிற்பாடு கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிராசசர் தடுத்தால் திடீர் திடீரென்று வெட்டும். சராசரி எஃப்பிஎஸ் பார்க்க அழகாக இருக்கும், மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களைக் காட்டும் ‘1 சதவீத லோ’ என்ற எண்ணில்தான் அந்த வெட்டு தெரியும். சரிசெய்யப் போனால் மதர்போர்டு, சில நேரம் ராம் என்று செலவு நீளும்.

இதற்காக எல்லாருக்கும் பெரிய பிராசசரைத் தள்ளுங்கள் என்று கேட்கவில்லை. விளையாடும் கேமும் மானிட்டரும்தான் தீர்மானிக்க வேண்டும். வேலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடி 1080பி ரெசல்யூஷனில் 240 ஹெர்ட்ஸ் வேண்டும் என்கிறவருக்குப் பணத்தைப் பிராசசரில் போடுங்கள். கதை கேம்களை 1440பியில் அல்ட்ரா செட்டிங்கில் 60 ஃபிரேமில் ரசிக்கிறவருக்குக் கார்டில் போடுங்கள். 4கே-யில் பிக்சல்கள் 1080பியைப் போல நான்கு மடங்கு, அந்தச் சுமை முழுவதும் கார்டின் தலையில். பிராசசரின் வேலை அநேகமாக அதேதான். ஆனால் இதிலும் ஒரு திருப்பம் உண்டு. சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ்-இல் பெர்ஃபார்மன்ஸ் மோடைப் போட்டால் 4கே படம் உள்ளே 1080பியில்தான் வரையப்படுகிறது, கார்டின் பாரம் இறங்கி மறுபடியும் பிராசசர் தடையாகலாம். டிராகன்ஸ் டாக்மா 2 மாதிரி நகரமெங்கும் ஆட்கள் உலவும் கேம்களில் எந்த ரெசல்யூஷனிலும் பிராசசர் திணறும். ஃபிரேம் ஜெனரேஷனைக் காட்டி, ‘பிராசசர் சின்னதா இருந்தா பரவாயில்லை, இது எஃப்பிஎஸ்-ஐ ஏத்திடும்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது நடுவில் செருகும் ஃபிரேம்கள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை நகர்த்தினால் கிடைக்கும் பதில் வேகம் அந்தப் பழைய எண்ணிக்கைக்கு உரியதுதான்.

உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. வாடிக்கையாளரே ‘ஐ7 இருக்கா?’ என்று கேட்டுக்கொண்டு வருகிறார். பக்கத்துக் கடை ஐ7 என்று எழுதிக் கொடுத்தால் நீங்கள் ஐ3 என்று எழுதிய தாளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். தேங்கிய ஸ்டாக்கை நகர்த்தாவிட்டால் நஷ்டம். வாடகையும் சம்பளமும் மாதம் தவறாமல் வரும். ஆனாலும் பொறுமையாக விளக்கிச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. அங்கே வாங்கிய பையன் அடுத்து தன் வகுப்பையே அழைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் ‘இந்த ஜோடிக்கு 14 சதவீதம் பாட்டில்நெக் (தடை)’ என்று ஒற்றை எண்ணைச் சொல்லும் கால்குலேட்டர்களை நம்பி வருகிறவர்களிடமும், கேமும் ரெசல்யூஷனும் மாறினால் தடுக்கும் இடமும் மாறும் என்று நேருக்கு நேர் சொல்ல உங்களால்தான் முடியும்.

கொட்டேஷனில் பிராசசர், கார்டு, மதர்போர்டு மூன்றுக்கும் முழு மாடல் எண்ணை எழுதுங்கள். ராம் எத்தனை ஸ்டிக், என்ன வேகம் என்று எழுதுங்கள். எழுதும் முன்பே எந்த கேம், எந்த மானிட்டர் என்று கேளுங்கள். மிஷினைக் கொடுக்கும் நாளில், பில் போடுவதற்கு முன்னால், அவர் சொன்ன கேமில் ஒன்றை அவருடைய மானிட்டரின் ரெசல்யூஷனிலேயே பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுங்கள், ஆஃப்டர்பர்னர் எண்கள் திரையில் தெரியட்டும். கேம் டவுன்லோட் செய்ய நேரமாகும் என்றால் கடையில் ஒரு எஸ்எஸ்டியில் ஏழெட்டு கேம்களை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ஜோடி சரியில்லை என்று அப்போதே தெரிந்தால், பில் போடாத பொருளை மாற்றிக் கொடுப்பதில் உங்களுக்கும் நஷ்டம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்