எங்கள் குடியிருப்பு வீட்டுச்செடிச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமையின் மற்ற அலுவல்களை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் 18 உறுப்பினர்களுக்கும் வணக்கம். பதிவேட்டில் 46 பெயர்கள் உள்ளன. நாற்காலிகள் அந்தக் கணக்கில்தான் வாடகைக்கு எடுக்கப்பட்டன என்பதைப் பொருளாளரின் பார்வைக்காக இங்கே குறித்துவைக்கிறேன்.

அறிக்கை ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூடியது. நவம்பர் 30ஆம் தேதி நடைபெறவிருந்த பொதுக்கூட்டம் ஃபெங்கல் புயல் மழையால் கைவிடப்பட்டது. பொங்கலன்று மொட்டைமாடியில் கோலப்போட்டி நடந்தது. பிப்ரவரியில் செம்மொழிப் பூங்காவுக்குச் சென்று வந்தோம்.

இனி, சென்ற ஆண்டு இதே சபை என் பொறுப்பில் தொடங்க அனுமதித்த செடி இரவல் திட்டம். இதைப் பற்றி மின்தூக்கியிலும் வாகன நிறுத்துமிடத்திலும் பலவிதமாகப் பேசப்படுவதால், சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. புதிதாகச் சேரும் உறுப்பினர்களில் பெரும்பாலோர் நர்சரியில் பூத்துக் குலுங்கும் ரோஜாவையோ செம்பருத்தியையோ கண்டு மயங்கி வாங்கிவந்து, வெயிலே எட்டாத கூடத்தில் வைத்து, ஒரு மாதத்தில் அது இலையுதிர்ந்து நின்றதும் ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, தண்ணீர்ச் செம்பு எத்தனை முறை கைக்கு வருகிறது என்ற இரண்டுக்கும் சேர்த்து நாம் வைத்துக்கொண்ட பெயர்தான் கைராசி என்பது என் கருத்து. ஆகவே மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் என்ற மூன்றில் வகைக்கு 12 வீதம் 36 தொட்டிகள் வாங்கி, நூலகத்தில் புத்தகம் தருவதுபோல இரண்டு மாத இரவலுக்கு அளித்தோம்.

இந்த மூன்றையும் நான் மனம்போனபடி தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊர்ப்பக்கம் நார் எடுக்கும் மருளுக்கு நெருங்கிய உறவு. தடித்த இலையிலேயே நீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். கிழக்கு ஆப்பிரிக்கச் செடியான ஸீஸீ, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் சேர்த்துவைக்கும். இரண்டு வாரம் மறந்துவிட்டாலும் இவை இரண்டும் கோபித்துக்கொள்வதில்லை. மணி பிளான்ட் தாகமெடுத்தால் இலை தொங்கிக் காட்டும். ஊற்றினால் பெரும்பாலும் மறுநாளுக்குள் நிமிர்ந்துவிடும். துளசியையும் சோற்றுக்கற்றாழையையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, அவை வெயில் கேட்பவை, கூடத்து அலமாரியில் வைத்தால் மெலிந்து சாகும் என்பதே பதில். நண்பகலில் விளக்குப் போடாமல் நாளிதழ் படிக்க முடிகிற இடமா என்று நேரில் பார்த்த பிறகே ஒவ்வொரு தொட்டியையும் கொடுத்தேன். இதற்காக மூன்று பிளாக்குகளிலும் படியேறி இறங்கியவன் நான் ஒருவன்தான்.

ஆண்டு முடிவில் 36இல் 9 தொட்டிகள் இறந்துவிட்டன. ‘நான்கில் ஒரு பங்கு நட்டம்’ என்று செயற்குழுவில் ஒருவர் கணக்குச் சொன்னார். கணக்குச் சரிதான். ஆனால் இரவல் பதிவேட்டில் ஒவ்வொரு இறப்புக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, அக்கினி நட்சத்திரத்தில் மேற்குப் பால்கனிக்கு மாற்றப்பட்டுக் கருகியது. ஒன்றை மாவுப்பூச்சி பிடித்தது. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளித்துப் பார்த்திருக்கலாம். ஒன்றை ஒரு குழந்தை அலமாரியிலிருந்து இழுத்துத் தள்ளியது. அதில் யார் மீதும் குறையில்லை. மற்ற ஆறும் தண்ணீரால் அழுகியவை. மறதியால் காய்ந்துபோன தொட்டி ஒன்றுகூட இல்லை என்பதைச் சபை கவனிக்க வேண்டும்.

அவற்றில் ஒரு ஸீஸீயை மட்டும் சொல்கிறேன். இரவல் கொடுத்த பிளாஸ்டிக் தொட்டி அழகாக இல்லையென்று, அடியில் துளையே இல்லாத பீங்கான் சாடிக்கு அதை மாற்றி, நாள்தோறும் பூசை முடித்ததும் ஒரு செம்பு வார்த்திருக்கிறார்கள். தண்டுகள் மஞ்சளானதும், தாகம் என்று எண்ணி இரண்டு செம்பாக்கியிருக்கிறார்கள். நான் கவிழ்த்தபோது நான்கு விரற்கடை அளவுக்குத் தேங்கிய நீர் கொட்டியது. கிழங்கு, வெந்து கூழான சேப்பங்கிழங்குபோல விரலில் வழுக்கியது. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் எப்போதும் நீர் நின்றால் அது மூச்சு முட்டி அழுகும். இதற்காகவே ஒவ்வொரு தொட்டியுடனும் ஒரு துடைப்பத்து ஈர்க்குச்சி கொடுத்திருந்தேன். அதை மண்ணில் ஆழச் செருகி எடுத்தால், ஈரமண் ஒட்டியிருக்கும்வரை தண்ணீர் கூடாது. சுத்தமாக வந்தால் ஊற்றலாம். திரும்பிவந்த தொட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஈர்க்குச்சி இல்லை. ஒன்றில் அதன் இடத்தில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி இருந்தது.

தண்ணீரின் தரம் குறித்தும் ஒரு சொல். ஆர்.ஓ. கருவி கழித்துத் தள்ளும் நீரை வீணாக்கக்கூடாதென்று செடிக்கு ஊற்றுவது நல்லெண்ணமே. ஆனால் உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்த நீரில்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுவே. அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

என் தரப்பிலும் ஒரு குறை உண்டு. அக்டோபரில் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தபோது, புட்டியில் நீரூற்றி மணி பிளான்ட் வைத்திருந்த இரண்டு வீடுகளில் புழுக்கள் நெளிந்தன. இரண்டில் ஒன்று என் வீடு. டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அன்றுமுதல் புட்டிச் செடிகளுக்கு ஞாயிறுதோறும் நீர் மாற்றவும், தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துத் துடைக்கவும் சுற்றறிக்கை விட்டிருக்கிறேன். கைக்குழந்தையும் பூனையும் உள்ள வீட்டார், மணி பிளான்ட்டையும் ஸீஸீயையும் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும் என்றும் அதில் உண்டு. சேனைக்கிழங்கு நாக்கை அரிப்பதற்குக் காரணமான ஊசிப் படிகங்களே இவற்றிலும் இருக்கின்றன.

நமது துண்டறிக்கையில் ‘காற்றைச் சுத்தமாக்கும் செடிகள்’ என்று போட மறுத்ததால் சங்கத்தின் வளர்ச்சியைக் கெடுத்தேன் என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்பவர்கள் ஆதாரமாகக் காட்டும் 1989ஆம் ஆண்டின் நாசா ஆய்வு, காற்றுப்புகாமல் மூடிய சிறு கூண்டுகளில் நடத்தப்பட்டது. இத்தகைய ஆய்வுகளை 2019இல் மறுபரிசீலனை செய்தவர்கள், சன்னல் இடுக்கில் காற்று வந்துபோகிற அளவுக்கேனும் ஒரு வீட்டில் பயன் தெரிய, ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு செடிகளை வைத்துவிட்டு நாம் எங்கே படுப்பது? இல்லாத பலனைச் சொல்லிச் சேர்க்கும் உறுப்பினர் அடுத்த ஆண்டு சந்தா கட்டமாட்டார்.

சந்தா கட்டவேண்டும் என்று தெரிந்து சேர்ந்தவர்களிலும் பலர் கட்டவில்லை என்பது வேறு விஷயம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 29 பேர் செலுத்தியுள்ளனர். மீதமுள்ள 17 பேரின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் போட வேண்டாம் என்று தலைவர் பெருந்தன்மையுடன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வரவைவிடச் செலவு சிறிது கூடியிருக்கிறது. தொட்டி, தென்னைநார்த் துகள், மண்புழு உரம் ஆகியவற்றுக்கே பெரும்பகுதி சென்றது. பற்றாக்குறை இப்போதைக்கு ஒருவரால் ஈடுசெய்யப்பட்டிருக்கிறது. விவரத்தைப் பொருளாளர் வேறொரு சமயம் வைப்பார்.

ஊருக்குப் போகும் உறுப்பினர்களின் செடிகளை என் வீட்டு வராந்தாவில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, பத்து நாளுக்கு என்று சொல்லித் தொடங்கப்பட்டது. கோடை விடுமுறைக்கு ஒப்படைத்த ஏழு தொட்டிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. உரியவர்களை மின்தூக்கியில் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்றவருக்குப் பொழுதுபோக வேண்டாமா என்று கேட்டார்.

கூடத்தை வாடகையின்றித் தந்த குடியிருப்போர் சங்கத்துக்கும், தொட்டிகளைச் சுமந்து உதவிய காவலாளிகளுக்கும், தேநீர் வழங்கிய மகளிர் உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரவலுக்கு 20 ரூபாய் முன்பணமும், பிளாக்குக்கு ஒரு பொறுப்பாளரும் வேண்டும் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. என் முழங்கால் மூன்று பிளாக்குப் படிகளுக்கு ஒத்துவரவில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பதிவேடும் அலமாரிச் சாவியும் மேசைமேல்தான் உள்ளன. எவரும் வராவிட்டால் சென்ற மூன்று ஆண்டுகள்போல நானே தொடர்வதில் மறுப்பில்லை. எஞ்சிய 27 செடிகளுக்கு எது எப்போது ஊற்றப்பட்டது என்பது தற்சமயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அறிக்கையைச் சபை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏழு தொட்டிகளும் பெயர் எழுதி வாயிலருகே வைக்கப்பட்டுள்ளன. வந்திருப்பவர்களில் உரியவர்கள் எவரேனும் இருந்தால் எடுத்துச் செல்லலாம். இன்று தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, நேற்றே ஊற்றியாகிவிட்டது.

செயலாளர்