இங்கிலாந்தில் ஃப்ளாட்: மீதி எத்தனை வருடம் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அங்கேயே வீடு வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வட்டி, முன்பணம், வங்கிக் கடன் எல்லாம் விவரமாக இருந்தது. இங்கிலாந்தில் ஃப்ளாட் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விதான் இல்லை. கோத்தகிரியில் பத்திரம் எழுதியே காலம் தள்ளியவன் நான். அதனால் சொல்கிறேன்.

நம் மலையில் ஏழு மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்ப விடமாட்டார்கள். ஃப்ளாட் என்றாலே நமக்குக் கோயம்புத்தூர்தான். அங்கே வாங்கினால் 'பிரிபடாத பாகம்' என்று நிலத்திலும் ஒரு பங்கு பத்திரத்தில் வந்துவிடும். மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இங்கிலாந்தில் பெரும்பாலான ஃப்ளாட்டுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. நிலமும் கட்டடமும் வேறொருவருக்குச் சொந்தம். 99 வருடமோ 125 வருடமோ எழுதிய குத்தகையில் கழிந்தது போக மீதியைத்தான் நாம் வாங்குகிறோம். வருடம் குறையக் குறைய விலையும் இறங்கும். ரொம்பக் குறைந்துவிட்டால் வங்கியும் கடன் தரத் தயங்கும்.

என் தங்கை மகள் அங்கே நர்ஸ். அவளும் கணவரும் லண்டனில் உள்ள குராய்டனில் வாங்கிய ஃப்ளாட்டின் விளம்பரத்தில் '125 வருட லீஸ்' என்றுதான் போட்டிருந்தார்கள். என் தங்கையின் கணவர் தேயிலைத் தோட்டத்தில் ஒரு துண்டை விற்று மகளுக்கு அனுப்பிய பணமும் அதில் இருக்கிறது. பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். தொழில் பழக்கம், காலம் எங்கே தொடங்குகிறது என்றுதான் முதலில் தேடினேன். '1982 மார்ச் 25 முதல்' என்று இருந்தது. அந்த நாட்டுப் பழைய பத்திரங்களில் இந்தத் தேதி அடிக்கடி வரும். அவர்களுடைய காலாண்டு வாடகை நாள் அது. ஆக, 2107 மார்ச்சில் குத்தகை முடிகிறது. 2027 மார்ச் 25 தாண்டினால் மீதி 80 வருடத்துக்குக் கீழே போய்விடும்.

இந்த 80-தான் விஷயமே. குத்தகையை நீட்டித்தால் ஃப்ளாட்டின் மதிப்பு ஏறும் இல்லையா? மீதி 80 வருடத்துக்குக் குறைவாக இருந்தால், அந்த ஏற்றத்தில் பாதியையும் நில உரிமையாளருக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2024-ல் வந்த சட்டம் இதை எடுத்துவிட்டது, ஆனால் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நீட்டிப்பு 990 வருடம் என்று அதே சட்டம் சொன்னதும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வாங்கி இரண்டு வருடம் பொறுத்துத்தான் நீட்டிப்புக் கேட்கலாம் என்ற நிபந்தனை மட்டும் 2025 ஜனவரி 31 முதல் போய்விட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீட்டிப்பு அங்கே உரிமையாளர் மனசு வைத்துத் தரும் சலுகை இல்லை. 1993-ம் வருடச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, உரிய தொகையை வாங்கிக்கொண்டு மீதிக் காலத்தோடு 90 வருடம் கூட்டித் தந்தே ஆக வேண்டும். உரிமையாளருக்கு வருடாவருடம் கட்டும் நில வாடகையும் பெயருக்கு ஒரு மிளகு என்று ஆகிவிடும். மிளகு விளைவிக்கும் கூடலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நான் எழுதிய குத்தகைகளில் புதுப்பிக்கும் ஷரத்து இல்லையென்றால், காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இதற்குள் உரிமையாளர் தரப்பிலிருந்து தங்கை மகளுக்கு ஒரு கடிதம். சட்டப்படி நீட்டிப்புக் கேட்கும் நோட்டீஸ் எல்லாம் எதற்கு, நமக்குள் முடித்துக்கொள்ளலாம், தொகையும் குறைவு என்று இனிக்க இனிக்க எழுதியிருந்தார்கள். உள்ளே பார்த்தால் 90 வருடம் கூட்டுவதாக இல்லை. மொத்தத்தையே 99 ஆக்கித் தருவார்களாம். பழைய காலம் முடியும்வரை பழைய நில வாடகையும் தொடருமாம். குறைவாம், குறைவு!

சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தால் கொடுத்த நாளை வைத்துத்தான் மதிப்பீடு. அப்புறம் பேரம் 80 வருடக் கோட்டைத் தாண்டி இழுத்தாலும் பாதகமில்லை. ஆனால் தொகை படியவில்லை என்றால், உரிமையாளரின் பதில் நோட்டீஸ் வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிட வேண்டும். விட்டால் நோட்டீஸ் செல்லாமல் போகும். மறுபடி கொடுக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். உரிமையாளரின் வக்கீல் செலவு, மதிப்பீட்டாளர் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இப்படிப் பிள்ளைக்குப் பணம் அனுப்பும் வீடுகள் நிறைய. இங்கே அரை சென்ட் வாங்கவே பட்டா எங்கே என்று கேட்கிறவர்கள், அங்கே என்றால் கேள்வியில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த கட்டுரையில், விளம்பரத்தில் உள்ள வருடத்தை நம்பாமல் குத்தகை தொடங்கிய தேதியைப் பத்திரத்தில் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
கோத்தகிரி