குண்டம்மா இன்னும் வைக்கவில்லை

லெஸ்டர், இங்கிலாந்து
4 மார்ச் 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். நீ, அப்பா, தம்பி வீட்டில் எல்லோரும் நலமா? மாமரம் இந்த வருஷம் எப்படிப் பூத்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் உன் முதல் கேள்வியே "கோழி முட்டை வெச்சுதா?" என்பதுதான். என் உடம்பைப் பற்றிக் கேட்பது அதற்கப்புறம். நான் காரணம் சொல்ல ஆரம்பித்தால் "சரி, வை, உனக்குக் காசு போகும்" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்புக்குக் காசு போகாது என்று சொன்னால் நீ நம்புவதில்லை. அதனால்தான் கடிதம். தம்பி மகளை வாசிக்கச் சொல்.

வெச்சுது அம்மா. பிப்ரவரி 12, வியாழக்கிழமை. நைட் டியூட்டி முடித்து வந்து கூண்டைத் திறந்தேன். வைக்கோலில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று கிடந்தது, ஓட்டில் ஒரு கோடு ரத்தம். வெள்ளச்சி பக்கத்தில் நின்று ஊரைக் கூட்டுகிற மாதிரி கேறிக்கொண்டிருந்தது. நீ சொல்வாயே, தலைச்சன் முட்டை அப்படித்தான் இருக்கும் என்று. அப்படியே இருந்தது.

செப்டம்பரில் இந்த மூன்றையும் வாங்கியபோது நீ போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? ஜூன் முதல் வாரம் பொரித்த குஞ்சு, ஆறு மாதம், ஆகவே கார்த்திகை தீபத்துக்குள் முட்டை. நம் ஊருக்கு அந்தக் கணக்கு சரி. தீபம் போச்சு, பொங்கல் போச்சு, ஒன்றும் காணோம். ஒன்று சேவலாயிருக்கும் என்றாய். சேவலாயிருந்தால் தெருவே எழுந்திருக்கும். எங்கேயாவது ஒளித்து வைக்கும், தேடு என்றாய். ஷெட்டுக்குப் பின்னால், வேலிச் செடிக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். யாரோ தொலைத்த டென்னிஸ் பந்துதான் கிடைத்தது. கண்ணேறு என்றும் சொன்னாய். இந்த ஊரில் என் கோழியைப் பார்த்துக் கண் வைக்க யார் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தவிர? அவர் கோழிகள்தான் அதற்கு முன்பே வைக்க ஆரம்பித்துவிட்டனவே.

அந்தப் பாட்டிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. கோழி வயதை மட்டும் பார்த்து வைப்பதில்லை, வெளிச்சத்தையும் பார்க்கிறது. பகல் நீளமானால்தான் அதன் உடம்புக்குள் முட்டைக்கான வேலை தொடங்குமாம். கண்ணால் பார்க்கிற வெளிச்சம் மட்டுமில்லை, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்கே படுகிற வெளிச்சமும் கணக்கில் சேருமாம். நம் கிருஷ்ணகிரியில் மார்கழியில் பகல் பதினொன்றேகால் மணிக்கு மேலேயே இருக்கும். ஆனியில் பதின்மூன்று மணியைத் தொடாது. வருஷம் முழுக்க வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். உன் கோழிக்குப் பனியும் வெயிலும் தெரியும், பகல் குறைந்ததே தெரியாது. இங்கே டிசம்பர் கடைசியில் காலை எட்டேகாலுக்குச் சூரியன் வருகிறது, சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் போய்விடுகிறது. மொத்தமாக எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூனில் பதினாறரை மணிக்கும் மேலே. என் வெடக்கோழிகள் பருவத்துக்கு வருகிற நேரம் பார்த்து பகல் சுருங்கிக்கொண்டே போனது. அவை என்ன செய்யும்? உட்கார்ந்துவிட்டன.

பாட்டியின் கோழி மட்டும் எப்படி வைக்கிறது என்று நீ கேட்பாய். அது செங்காவி நிறத்தில் வரும் கலப்பினம், முட்டைக்கென்றே உண்டாக்கியது. பதினெட்டு இருபது வாரத்தில் வைக்க ஆரம்பித்து, முதல் வருஷக் குளிரிலும் விடாமல் வைக்கும், வருஷத்துக்கு 300 வரை. நான் அழகைப் பார்த்து வாங்கியது பழைய ரகம். வெள்ளச்சியும் சின்ன வெள்ளச்சியும் சசெக்ஸ். உடம்பு வெள்ளை, கழுத்தில் கருப்பு மாலை போட்ட மாதிரி, வாலும் கருப்பு. குண்டம்மா ஆர்ப்பிங்டன், தங்க நிறம், ஒரே இறகு மூட்டை. பெரிய உடம்புக்காரி, சாதாரணமாகவே ஆறேழு மாதம் எடுத்துக்கொள்வாள். அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டால் தை மாசி வரை தள்ளிப்போகும்.

என் தப்பும் ஒன்று உண்டு. நீ ராகி போடச் சொன்னாய் அல்லவா? பெல்கிரேவ் ரோடு கடையில் முழு ராகி வாங்கி அள்ளி அள்ளிப் போட்டேன். ராகியில் சுண்ணாம்புச் சத்து உண்டு, ஆனால் புரதம் குறைவு. இவை ராகியிலும் மக்காச்சோளத்திலும் வயிற்றை நிரப்பிக்கொண்டு, வளர்கிற கோழிக்கான தீவனத்தைச் சீண்டவே இல்லை. உன் கோழிக்கு ராகி ஒத்துக்கொள்கிறதென்றால் அது நாளெல்லாம் குப்பையைக் கிளறிப் புழுவும் கரையானும் தின்கிறது. இங்கே குளிரில் புழுவுக்கு எங்கே போவது? இப்போது சாயங்காலம் ஒரு கைப்பிடி ராகிதான்.

ஓடு கெட்டியாகட்டும் என்று முட்டைக்கோழித் தீவனத்தை முன்கூட்டியே போடவும் பார்த்தேன். பாட்டி தடுத்துவிட்டார். அதில் சுண்ணாம்பு மூன்று நான்கு மடங்கு இருக்கும், வைக்காத குஞ்சுக்குக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும் என்றார். கூண்டில் பல்பு போட்டுப் பகலை நீட்டலாம், பண்ணைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். உடம்பு பருவத்துக்கு வராத கோழியை அப்படி அவசரப்படுத்தினால் முட்டை வைக்கும்போது அடி பிதுங்கிவிடும் என்று கேள்விப்பட்டதும் நான் பல்பை எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னொன்று கேட்டால் சிரிப்பாய். இங்கே ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் அரசாங்கத்தில் பதிய வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து அப்படிச் சட்டம். நம் சமையலறைக்குள் வந்துபோன எதையும் கோழிக்குப் போடக் கூடாது என்பதும் சட்டம். மிஞ்சின களி, கழுவின அரிசி, காய்த்தோல், எதுவும் கூடாது! நோய் பரவுமாம். அதனால் ராகி மூட்டை கடையிலிருந்து நேராக ஷெட்டுக்குத்தான் போகும். எங்களுக்குக் களி கிண்ட வேறு மூட்டை. கதவில் ஆள் நிறுத்தி வைத்திருக்கிறாயா என்று இவர் கேலி செய்கிறார். நீ இங்கே இருந்திருந்தால் தினம் ஒரு கேஸ் உன் மேல் விழுந்திருக்கும்.

நீ சொன்னதில் இந்த ஊரிலும் பலித்தது ஒன்று உண்டு. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் நீ கோழி வாங்கும்போது கொண்டையைப் பார்ப்பாய், அப்புறம் தூக்கிப் பிடித்துப் பின்பக்கத்து இரண்டு எலும்புக்கு நடுவில் விரல் வைத்துப் பார்ப்பாய். வியாபாரி முகம் சுருங்கும். எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும். ஜனவரி கடைசியில் வெள்ளச்சியின் கொண்டை ரத்தச் சிவப்பானது. கையை நீட்டினால் ஓடாமல் இறக்கையை விரித்துக் குந்திக்கொண்டது. நானும் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாகப் போனது. "பதினஞ்சு நாள்ல வெக்கும்" என்று உன் குரலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாலாம் நாள் வைத்தது. பாட்டிக்கு இந்த வித்தை தெரியும், ஆனால் நாள் சொல்லத் தெரியாது. நீ சொல்வாய் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

சின்ன வெள்ளச்சி பிப்ரவரி 24 முதல் வைக்கிறாள். முதல் முட்டையை அவித்து மூன்றாக அறுத்துத் தின்றோம். பாப்பா மஞ்சள் கருவை எனக்குத் தரவே இல்லை.

குண்டம்மாவுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. கொண்டை இப்போதுதான் வெளுப்பு போய்ச் சிவக்கிறது. நேற்று விரல் வைத்துப் பார்த்தேன், ஒன்றுதான் போகிறது. இதை அப்பாவிடம் சொல்லாதே. போன மாதமே குழம்புக்கு மசாலா எப்படி அரைப்பது என்று இவருக்குப் போனில் பாடம் எடுத்துவிட்டார்.

அன்புடன்,
உன் மகள்