சாண் மீனும் இரண்டு சாண் மீனும்

பவானி
ஆனி 3

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் லேசாயிற்று. மடக்கைக் கணக்கை, அதாவது லாகரிதத்தை, கண்டாலே உன் பேத்தி நோட்டை மூடிவிடுகிறாள், இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக விடியற்காலையில் கூடுதுறைக்குப் பக்கத்தில், பரிசல் கரை சேரும் இடத்தில் போய் நிற்கிறேன். கையில் ஒரு அளவுப் பலகை, ஒரு தராசு, ஒரு நோட்டு. வலையிலிருந்து எடுக்கும் ரோகு மீன்களை அளந்து, நிறுத்து, எழுதிக்கொள்கிறேன். முதல் நாள் பரிசல்காரர் என் தராசைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாண் மீன் எட்டுப் போட்டால்தான் இரண்டு சாண் மீன் ஒன்றுக்கு ஈடாகும், வாத்தியாரே.” நிறுத்துப் பார்த்தேன். 23 செ.மீ. மீன் 140 கிராம். 46 செ.மீ. மீன் 1,120 கிராமுக்குச் சற்று மேல். அவர் மடக்கை படித்தவர் இல்லை. ஆனால் நீளம் இரட்டிக்கும்போது அகலமும் தடிமனும் கூடவே இரட்டிக்கின்றன, ஆகவே எடை எட்டு மடங்காகிறது என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லா மீனுக்கும் அது சரியாக எட்டாக இருப்பதில்லை. நீளத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி (நீளம் × நீளம் × நீளம் என்றால் அடுக்கு 3), அந்த மீனின் உடல்வாகுக்கு உரிய ஒரு மாறிலியால் பெருக்கினால் எடை வரும். அடுக்கு பெரும்பாலும் 2.5க்கும் 3.5க்கும் நடுவில், 3ஐ ஒட்டியே இருக்கும். 3க்கு மேல் போனால் வளர வளர மீன் பருக்கிறது, குறைந்தால் ஒல்லியாகிறது. விலாங்குக்கு அடுக்கு மிகக் குறைவாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதற்கும் அடுக்கு 3ஐச் சுற்றித்தான். மாறிலிதான் மிகச் சிறியது. அதனால் 40 செ.மீ. விலாங்கு நூறு கிராமைச் சுற்றி நிற்கிறது, அதே நீள ரோகு எழுநூறைத் தாண்டுகிறது.

இந்த அடுக்கைக் கண்டுபிடிக்கத்தான் மடக்கை. நீளத்தையும் எடையையும் அப்படியே வரைந்தால் கோடு வளைந்து மேலே ஓடிவிடும். இரண்டுக்கும் மடக்கை எடுத்து வரைந்தால் வளைவு நிமிர்ந்து நேர்கோடாகிவிடுகிறது. அதன் சரிவுதான் அடுக்கு. நான் முதலில் வரைந்தபோது சரிவு 2.83 வந்தது. ஆற்றில் தீனி குறைந்து பெரிய மீன்கள் மெலிகின்றனவோ என்று பல நாள் கவலைப்பட்டேன். குற்றம் வலையில் இருந்தது. அத்தனையும் ஒரே செவுள் வலையில் விழுந்த மீன்கள். வலைக்கண் நீளத்தைப் பார்ப்பதில்லை, சுற்றளவைப் பார்க்கிறது. சின்ன மீனில் கொழுத்தது மாட்டிக்கொள்ளும், மெலிந்தது நழுவிவிடும். பெரிய மீனில் ஒல்லியானது கழுத்துவரை நுழைந்து சிக்கும், பருத்தது மூக்கை இடித்துக்கொண்டு திரும்பிவிடும். வீச்சு வலையிலும் தூண்டிலிலும் கிடைத்தவற்றைச் சேர்த்த பிறகு சரிவு 2.98. இப்போது மொத்தம் 212 மீன்கள்.

ஆனால் என் மனம் தங்கியிருப்பது கோட்டின் மேல் இல்லை, அதை விட்டு விலகி நிற்கும் புள்ளிகளின் மேல். 1951இல் லெ கிரென் என்ற மீன் ஆய்வாளர் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் பெர்ச் என்னும் நன்னீர் மீன்களை வைத்து இதை எழுதினார்: கணக்குப்படி இருக்க வேண்டிய எடையால் உண்மை எடையை வகுத்துப் பார்த்தால், அந்த மீன் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். என் நோட்டில் 52 செ.மீ. ரோகு இரண்டு இருக்கின்றன. கணக்கு எடை 1,620 கிராம். சென்ற ஆனியில் வந்தது 1,780. வயிறு புடைத்து, விரலால் தொட்டாலே முட்டை இருப்பது தெரிந்தது. புரட்டாசியில் வந்தது 1,400. பிடரி ஒட்டி, வயிறு தொளதொளத்துக் கிடந்தது. நோயா, பட்டினியா, முட்டையிட்டுக் களைத்ததா என்று தராசு சொல்லாது. வயிற்றைத் திறந்து சினைப்பையைப் பார்த்த பிறகுதான் முட்டையிட்டு ஓய்ந்த மீன் என்று புரிந்தது.

சாண் ரோகுகள் கூடை கூடையாகக் கரையேறும் நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவற்றில் ஒன்றுகூட ஒரு முறை முட்டையிட்டிருக்காது. விட்டிருந்தால், இரண்டு சாணாக வளர்ந்த ஒவ்வொன்றும் எட்டு மடங்கு எடையோடு திரும்பி வந்திருக்கும். ஒரு கிலோ தாய் மீன் சுமார் இரண்டு லட்சம் முட்டையிடும். பரிசல்காரரிடம் என் வரைபடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மறுநாள் பெரிய கண் வலையோடு வந்தார்.

ஆடிப்பெருக்குக்கு முன் பேத்தியோடு வா. வெள்ளம் வந்தால் பரிசல் இறக்க விடமாட்டார்கள். மீனின் வாயிலிருந்து வால் பிளவு வரை அளக்க வேண்டும், வால் நுனி வரை அளந்தால், நுனி கிழிந்த மீனில் அளவு தப்பும். அதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். படி வழுக்கும், உனக்குக் கரையிலேயே நாற்காலி போட்டுவிடுகிறேன். நோட்டில் எழுத எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

உன் பழைய அறைத் தோழன்