ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே மார்கழிப் பனி, இங்கே மாங்காய் அறுவடை. மகர ரேகை இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. வெயில் நம்ம கிருஷ்ணகிரிச் சித்திரை மாதிரிதான். வீட்டில்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காயை அறுக்காமலே முற்றிவிட்டதா என்று பார்க்கும் கைக்கருவியோடு தோப்புத் தோப்பாகச் சுற்றுகிறேன். மரத்தில் தொங்கும் காயின் மேல் வைத்து அழுத்தினால் அகச்சிவப்பு ஒளி உள்ளே போய்த் திரும்பும். நீரும் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதில் எவ்வளவு உறிஞ்சின என்று பார்த்து, தண்ணீர் போக மிஞ்சும் உலர் எடை எத்தனை சதவீதம் என்று சில நொடியில் காட்டிவிடும். அது கூடுதலாக இருந்தால் பழுத்தபின் இனிப்பும் கூடுதல். காயின் மாவுச்சத்துதானே சர்க்கரையாகிறது. பழைய முறையில் சதையை வெட்டி 65 டிகிரிச் சூட்டில் நாள்கணக்கில் உலர்த்தி எடை போடவேண்டும்.

அதற்காக, இதில் சேதாரமே இல்லை என்று சொல்லமாட்டேன் அப்பா. ரகம் மாறினாலும் பருவம் மாறினாலும், காய் வெயிலில் சூடேறினாலும்கூட அளவு பிசகும். அதனால் பருவந்தோறும் கொஞ்சம் காயை அறுத்து உலர்த்தி ஒத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. விளக்கு, பேட்டரி தேய்மானம் வேறு.

நீங்கள் காயைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பீர்களே, முற்றியது மூழ்கும், இளசு மிதக்கும். அதற்கு மின்சாரமே வேண்டாம். இங்கே கூட வேலை செய்பவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பறித்த பிறகுதானே அப்படிப் பார்க்க முடியும்? இளசாகப் பறித்துவிட்டால் பாய்ச்சிய தண்ணீர், போட்ட உரம், கொடுத்த கூலி எல்லாம் போச்சு. அறுவடையான உணவில் சுமார் 14 சதவீதம் கடைக்கு வருமுன்பே வீணாகிறது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019-இல் கணக்குச் சொன்னது. மரத்திலேயே பார்த்துப் பறித்தால்தான் இந்தக் கருவியால் உண்மையான மிச்சம். பறித்துக் குவித்த காயில் வைத்துப் பார்ப்பதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

விவசாயிகள் சங்கத்தில் இந்தக் கருவியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். ஆளுக்கொன்று வாங்கினால் கட்டுபடியாகாது, வருஷத்தில் முக்கால்வாசி சும்மா கிடக்கும். ஊருக்குப் பொதுவாக ஒன்று போதும். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவை விட, பழமாக விற்கும் செந்தூராவுக்குத்தான் முதலில் பயன்படும். விற்க வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "எங்கள் ரகத்தை அறுத்துச் சரிபார்த்திருக்கிறீர்களா?" இங்கத்திய கென்சிங்டன் பிரைடு மா ரகத்துக்குப் பழகிய கருவி நம்ம செந்தூராவுக்கு அப்படியே சரிவராது. சரிபார்க்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். நான் வைகாசியில் வரும்போது உட்கார்ந்து பேசுவோம்.

முழங்கால் வலிக்கு மருந்தை விட்டுவிடாதீர்கள்.

அன்பு மகள்