லான்ஸ் கார்ப்பரலின் தோளில் கார்ப்பரலின் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பையன் படையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் பத்துப் பேருக்குத் தலைவன்" என்று பெற்றோர் சொல்லி மகிழ்வது டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் புதிதல்ல. மகிழ வேண்டிய செய்திதான். ஆனாலும் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது ஒன்றைக் கேளுங்கள்: "இந்தப் பொறுப்பை உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?" வாய்ச்சொல்லோடு நின்றிருந்தால், தவறு நடக்கும் நாளில் பழி மட்டும் அவன் பெயரில் வரும், அதிகாரம் வராது.

தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்றால் பத்துப் பேர். தலைவர் கார்ப்பரல், அடுத்தவர் லான்ஸ் கார்ப்பரல். மூன்று செக்‌ஷன் சேர்ந்தது பிளட்டூன். அதற்கு லெப்டினன்ட் தளபதி, பிளட்டூன் சார்ஜென்ட் அவருடைய வலக்கை. இப்போது சார்ஜென்ட் இரண்டு மாதக் கோர்ஸுக்குப் போகிறார் என்று வையுங்கள். மூத்த கார்ப்பரல் அவர் இடத்துக்கு ஏறுகிறார். கார்ப்பரலின் செக்‌ஷனை லான்ஸ் கார்ப்பரல் எடுக்கிறார். லான்ஸ் கார்ப்பரலின் வேலை ஒரு பிரைவேட்டின், அதாவது பதவி ஏதும் இல்லாத சாதாரணச் சிப்பாயின், தலையில் விழுகிறது. போனவர் ஒருவர், பழகாத வேலையில் நிற்பவர் மூவர், செக்‌ஷனில் மிஞ்சுவது ஒன்பது பேர்.

எல்லோரும் புதுத் தலைவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடைவது பெரும்பாலும் அவருக்கு அடுத்த இடத்தில். செக்‌ஷனின் இலகு இயந்திரத் துப்பாக்கிக் குழுவை நடத்துவது லான்ஸ் கார்ப்பரலின் வேலை. அவர் தலைவரான பிறகும் கை பழைய வேலைக்கே போகும். துப்பாக்கிக்குப் பக்கத்தில் படுத்து, அது எங்கே சுட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மற்ற ஆறேழு பேருக்குக் கட்டளை இல்லை. ஆகவே புதுத் தலைவரை நியமிக்கும் அதே நிமிடத்தில், இரண்டாம் ஆள் யார் என்பதையும் பெயர் சொல்லி, முழு செக்‌ஷனும் நிற்கும்போது அறிவிக்க வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இடம் ஏன் காலியாகிறது என்பது தெரிந்த கதைதான். 2015ஆம் ஆண்டின் பாதுகாப்பு மறுஆய்வு அறிக்கையே படை கடுமையான சரிவில் இருப்பதாக ஒளிக்காமல் சொன்னது. எல்லைக் காவலுக்கு 22 கம்பெனிகள் (சில பிளட்டூன்கள் சேர்ந்தது ஒரு கம்பெனி) வேண்டும் என்று கணக்கிட்ட இடத்தில் 15 கம்பெனிகளே பல ஆண்டுகளாக நிற்கின்றன. பதவிப் பட்டை வாங்கிய கார்ப்பரல் மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் எல்லைக்குப் போக முடியாது. பட்டியலில் பெயர் இருக்கும், களத்தில் ஆள் இருக்கமாட்டார். தலைவர்களை உருவாக்கும் கோர்ஸ் தள்ளிப்போனால், திறமையுள்ளவர்களும் பிரைவேட்டாகவே வயது ஏறி நிற்பார்கள்.

பொறுப்பு மாறும்போது முதல் வேலை எண்ணுவது. பேச்சு, அறிவுரை எல்லாம் பிறகு. முழுப் பத்துப் பேரும் இருக்கும்போது, ஒன்பது பேரிடம் ஆர்4 ரைஃபிள், ஆளுக்கு ஐந்து மேகசின் (தோட்டா நிரப்பும் கூடு), மேகசினுக்கு 35 ரவை என்றால் 45 மேகசின், 1,575 ரவை. பத்தாவது ஆளின் இயந்திரத் துப்பாக்கிக்கும் அதன் பெல்ட்டுகளுக்கும் கணக்குத் தனி. ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும், எண்ணிக்கை சரியாக வந்தால் மட்டும் போதாது. இரவு நோக்குக் கருவியைப் பெட்டியோடு வாங்காமல், திறந்து, பேட்டரி போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். ரேடியோவுக்கு உதிரி பேட்டரி எத்தனை, அவை ஏறியவையா இறங்கியவையா என்பதும் கணக்கில் வரும். இளையவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். நேற்றுவரை தாங்கள் "கார்ப்பரல்" என்று அழைத்தவர் முன்னால் நின்று "எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடு" என்கிறார், மரியாதைக்காகப் போட்டுவிடுகிறார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு மேகசின் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவரே. எண்ண இரண்டு மணி நேரம் ஆனால் ஆகட்டும். நேரம் தர மறுக்கும் மேலதிகாரி, அந்த இளைஞருக்கு வேலை கொடுக்கிறேன் என்று சொல்லிக் குழி வெட்டுகிறார்.

அடுத்தது இரவுக் காவல். மாலை 6 முதல் காலை 6 வரை, ஒரு நேரத்தில் இருவர் என்றால் மொத்தம் 24 ஆள்-மணி. எட்டுப் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்று மணி. இருவரையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருவராக மாற்றினால் கண் இருளுக்குப் பழகிய ஒருவர் எப்போதும் நிற்பார். புதிதாகத் தலைவரானவர் நண்பர்கள் முகம் சுளிப்பார்களே என்று கஷ்டமான நேரத்தை, நள்ளிரவு 12 முதல் 3 வரை, தானே எடுத்துக்கொள்வார். நல்ல மனசுதான், ஆனால் தவறு. விடியற்காலை ரோந்துக்குக் கட்டளை சொல்ல வேண்டியவர் தூக்கமில்லாமல் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிப்பார். தலைவரின் வேலை காவலைத் திடீரென்று போய்ச் சோதிப்பது, காவலுக்கு நிற்பது அல்ல.

தண்ணீரும் அப்படியே. கோடையில் வட எல்லையிலுள்ள மூசினா பக்கத்தில் லிம்போபோ ஆற்றங்கரையோரம் நடக்கும்போது ஆளுக்கு ஒரு நாளுக்கு 5 லிட்டருக்குக் குறையக் கூடாது. பத்துப் பேருக்கு 50 லிட்டர், அதாவது 50 கிலோ. எங்கே மறுபடி நிரப்புவது என்பதைப் புறப்படும் முன்பே வரைபடத்தில் குறிக்காத தலைவர், பாதி வழியில் நோயாளியைச் சுமந்து திரும்புவார்.

தண்டனை பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஒரே அறையில் படுத்தவன் திடீரென்று கட்டளையிட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலர் காதில் விழாதமாதிரி நிற்பார்கள். கார்ப்பரல் பட்டை இல்லாத தலைவருக்கு அந்த நேரத்தில் கைக்கு எட்டும் ஒரே ஆயுதம், வெயிலில் ஓட விடுவது. அது அவர் கையில் இருக்கவே கூடாது. வெப்பத் தாக்கு ஆளைக் கொல்லும். உச்சி வெயிலில் முழுச் சுமையோடு ஓடுபவருக்கு உடல் சூடு ஏறி, பேச்சு குழறி, விழுந்த பிறகு காப்பாற்ற இருக்கும் நேரம் மிகக் குறைவு. கீழ்ப்படியாதவரின் பெயர், நேரம், சொன்ன கட்டளை, பார்த்த சாட்சி ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதி சார்ஜென்டிடம் ஒப்படைப்பதோடு தற்காலிகத் தலைவரின் வேலை முடிகிறது. மீதியை மேலே இருப்பவர்கள் அன்றைக்கே எடுத்து நடத்த வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த இளைஞரின் சொல்லுக்கு இனி யாரும் அசையமாட்டார்கள்.

தயார்படுத்தினால் லான்ஸ் கார்ப்பரல் செக்‌ஷனை நன்றாகவே நடத்துவார். அந்தப் பதவி இருப்பதே அதற்குத்தான். கார்ப்பரலை பிளட்டூன் சார்ஜெண்டாக வைப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. ரவை, தண்ணீர், உணவு, காயம்பட்டவரை வெளியேற்றுவது என்று முப்பது பேருடைய கணக்கு அது. போதாததற்கு, பயிற்சிப் பள்ளியிலிருந்து புதிதாக வந்த லெப்டினன்ட் தவறான வழியில் இறங்கும்போது, மற்றவர் காதில் விழாமல் "சார், இது வேண்டாம்" என்று சொல்லும் துணிவு வேண்டும். அனுபவம் தரும் துணிவு அது. ஒரு மாதத்துக்கு மேல் அந்த நாற்காலியை இளையவரிடம் விட்டால் லெப்டினன்ட்டும் தனியாகிவிடுவார்.

பட்டையும் சம்பளமும் வேறு வேறு பிரச்சினைகள். பிரிட்டிஷ் வழிவந்த படைகளில் 'லோக்கல்' ரேங்க் என்று ஒரு வழக்கம் உண்டு: அதிகாரமும் பட்டையும் கிடைக்கும், கூடுதல் சம்பளம் கிடைக்காது. அமெரிக்கத் தரைப்படை 2021 ஜூலை 1 முதல் இன்னொரு வழியை எடுத்தது. தலைமைப் பயிற்சியின் முதல் கோர்ஸை முடித்து, பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கப்பட்ட, ஸ்பெஷலிஸ்ட் என்ற பதவியில் இருந்தவர்களைக் கார்ப்பரல் ஆக்கியது. இரண்டு பதவிக்கும் சம்பளம் ஒன்றே. மாறியது பட்டையும், அதைப் பார்த்துக் கீழ்ப்படியும் பழக்கமும்தான். காசு இல்லை என்று கைவிரிக்கும் எந்தப் படையும் இதையாவது செய்யலாம். ஆனால் மாதக்கணக்கில் மேல்வேலை வாங்கிவிட்டுச் சம்பளத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு இதைச் சாக்காக்கக் கூடாது.

இது முகாமுக்குள் முடிகிற விஷயமும் அல்ல. 2021 ஜூலைக் கலவரத்தின்போது குவாசுலு-நாட்டால், கௌடெங் மாகாணங்களுக்கு 25,000 படையினர் வரை அனுப்ப அனுமதி கிடைத்தது. டர்பனின் ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வர்த்திலோ ஒரு சந்திப்பில் ஒரு செக்‌ஷன் நின்றால், அந்த மூலையில் படையின் பெயரால் முடிவெடுப்பவர் செக்‌ஷன் தலைவர்தான். எந்த வண்டியை நிறுத்துவது, யாரைப் போலீஸிடம் ஒப்படைப்பது, எப்போது துப்பாக்கியைத் தாழ்த்துவது எல்லாம் அவர் வாயிலிருந்து வரும்.

ரேங்க் இல்லாமலே தலைமை தாங்கியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1899இல் காந்தி திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். ஏறத்தாழ 40 தலைவர்கள், ஒருவருக்கு 27 பேர் வீதம். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு நாளுக்கு 20 முதல் 25 மைல் நடந்தார்கள். புறப்படுவதற்கு முன் அந்தத் தலைவர்கள் மருத்துவரான பாதிரியார் பூத்திடம் பயிற்சி பெற்றிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக, பெரும்பாலும் விட்டுப்போகும் வேலை ஒன்று. கார்ப்பரல் திரும்பி வந்ததும் துப்பாக்கி, மேகசின், பேட்டரி எல்லாவற்றையும் அதே பதிவேட்டை வைத்து மறுபடி எண்ணி, இருவரும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேருக்கு, எந்தப் பணியில் தலைமை தாங்கினார் என்று பிளட்டூன் தளபதி ஒரு பக்கம் எழுதி அந்த இளைஞரின் கோப்பில் வைக்க வேண்டும், ஒரு நகல் அவர் கையில். அடுத்த கோர்ஸுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் மேஜையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காலாட்படைப் பயிற்றுநர்,
சாட்ஸ்வர்த், டர்பன்