ஒத்தையில் வந்தால் ரூம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு நாட்கள் நெருங்கினால் உங்கள் பேப்பரில் சுற்றுலாப் பக்கம் வந்துவிடும், நானும் ஒரு வரி விடாமல் படிப்பேன். ஆனால் எப்போது பார்த்தாலும் 'குடும்பத்தோடு போய்வர ஏற்ற இடங்கள்', 'குழந்தைகளைக் குஷிப்படுத்தும் இடங்கள்', இதுதான். தனியாக ஊர் சுற்றுகிற ஆள் என்று ஒருத்தர் திருநெல்வேலிச் சீமையிலேயே கிடையாது என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. நான் இருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன், வயசு ஐம்பதை நெருங்குகிறது, பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள். ஆயுத பூஜை லீவில் சென்னைக்கு ஒத்தையில் போய் வந்தேன். வேலையாக இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க.

இந்தச் 'சும்மா'வைத்தான் இங்கே யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம்ம பக்கத்து ஆட்கள் சென்னைக்குப் போகாதவர்களா? பண்டிகை சமயத்தில் நெல்லை எக்ஸ்பிரஸிலும் பொதிகையிலும் டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆனால் போவதெல்லாம் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வெளிநாடு போகிற மகனை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வர, மகள் பிரசவத்துக்குத் துணையாக. போன காரியம் முடிந்ததும் ராத்திரி ரயில். நடுவில் நேரம் கிடைத்தால் ரங்கநாதன் தெருவில் சேலை, அப்புறம் மெரினாவில் அரை மணி நேரம், அதுவும் கூட வந்தவர்களுக்குக் கால் வலிக்காமல் இருந்தால். நான் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அங்க உனக்கு யாரு இருக்கா?" யாரும் இல்லாததால்தான் போகிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்ல? மைனி தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல எதுவும் சங்கடமா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். ஒரு பொம்பளை பையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் சாமியாராகப் போகிறாள்.

சரி, வீட்டில் கேட்பது பாசத்தில். லாட்ஜில் கேட்டதற்கு என்ன பெயர்? எழும்பூர் பக்கம் ஒரு லாட்ஜ், பெயர் வேண்டாம். போனில் கேட்டபோது ரூம் இருக்கிறது என்றார்கள். நேரில் போய் ஆதாரை நீட்டினால், அந்தத் தம்பி அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான். விலாசம் எழுதாமல் வந்த பார்சலைப் பார்க்கிற பார்வை. "கூட யாரு வர்றாங்க?" யாரும் இல்லை என்றேன். "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் கொடுக்கிறதில்லம்மா, ஓனர் சொல்லியிருக்காரு." ஏன் என்று கேட்டதற்கு, தனியாக வருகிறவர்கள் ரூமுக்குள் ஏதாவது தப்பான முடிவு எடுத்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு யார் அலைவது என்று மூஞ்சிக்கு நேராகவே சொன்னான். காலையில் ரயிலில் இருந்து இறங்கி, ஒரு காபிகூடக் குடிக்காமல், மியூசியம் பார்க்க வந்து நிற்கிறவளிடம் இப்படிச் சொல்கிறோமே என்று அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் மில்லுக்கு வருகிற லாரி டிரைவர் அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, ஆம்பிளைக்கும் சில கோவில் ஊர்களில் இதே கதைதான், தனியாள் என்றால் கதவைச் சாத்துவார்கள் என்றார். இப்படி ஒரு சட்டம் கிடையாது. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரு ரூமில் தங்குவதே குற்றமில்லை என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. இரண்டு பேர் தங்கினால் குற்றமில்லை, ஒருத்தி தங்கினால் சந்தேகமா?

அப்புறம் ரெண்டு தெரு தள்ளி இன்னொரு இடத்தில் கவுண்டரில் ஒரு அம்மா இருந்தார்கள், எத்தனை நாள் என்று மட்டும் கேட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். இதற்குத்தான் இவ்வளவு பாடு. ரயில் டிக்கெட் கையில் இருந்தால் பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறையை ஐ.ஆர்.சி.டி.சி.யிலேயே எடுக்கலாம் என்பதையும் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கிடைத்தால் யோகம்.

இனி சென்னையைச் சுற்றிப் பார்த்த கதைக்கு வருகிறேன். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது, ஸ்டேஷனில் இருந்து நடந்தே போய்விடலாம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே இருந்தது நம்ம ஆதிச்சநல்லூர், பழங்காலத்து ஆட்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடத்தில் தோண்டி எடுத்த பொருட்கள். திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் ரோட்டில் பஸ்ஸில் எத்தனை தடவை அந்தப் பரம்பைத் தாண்டியிருக்கிறோம், முள்ளும் செம்மண்ணும்தான் கண்ணில் படும். 1876-ல் ஜாகர் என்கிற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார், பிறகு தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டியது சென்னைக்கு வந்தது. வெண்கலத்தில் வார்த்த சின்னச் சின்ன உருவங்கள். எருமையின் கொம்பு பின்னால் வளைந்து போகிற விதம் இருக்கிறதே, தாமிரபரணியில் குளிக்க இறங்குகிற எருமையை நாளெல்லாம் உட்கார்ந்து பார்த்தவன்தான் அதைச் செய்திருக்க முடியும். கூட ஆள் இருந்திருந்தால் இந்நேரம் "வா வா, பசிக்கி" என்று இழுத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் வந்தது, அப்பா பலகையைப் படிக்க ஆரம்பித்தார், பையன் பாத்ரூம் என்றான், மொத்தக் குடும்பமும் திரும்பிப் போய்விட்டது. அந்த அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது.

வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். நடராஜர் ஆடியதாகச் சொல்கிற ஐந்து சபைகளில் நம்ம நெல்லையப்பர் கோவில் தாமிரசபை, திருவாலங்காடு இரத்தினசபை. கோவிலில் கூட்டத்தில் எட்டிப் பார்த்தே பழகிய நமக்கு, ஒரு நடராஜரைப் பக்கவாட்டில் நின்று, தூக்கிய காலுக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தைப் பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும். பக்கத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம், அதையும் விட வேண்டாம்.

சென்னையை வேடிக்கை பார்க்க என்னைக் கேட்டால் பறக்கும் ரயிலைத்தான் சொல்வேன். கடற்கரை ஸ்டேஷனில் ஏறினால் வேளச்சேரி வரைக்கும், டிக்கெட் 5 ரூபாயில் தொடங்குகிறது. மேம்பாலத்தின் மேல் போவதால் மொட்டை மாடியில் காய்கிற வற்றல், பக்கிங்காம் கால்வாய், மாடிப்படிக்கு அடியில் படிக்கிற பிள்ளை எல்லாம் ஜன்னலில் தெரியும். பகலில் போங்கள், இருட்டினால் அந்த ஸ்டேஷன்கள் வெறிச்சென்று ஆகிவிடும். திருவல்லிக்கேணியில் இறங்கினால் பார்த்தசாரதி கோவிலும் பாரதியார் இல்லமும் நடக்கிற தூரம். பாரதி படித்தது திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில், பெண் எடுத்தது எங்கள் பக்கத்துக் கடையத்தில், ஆக எங்கள் ஊர்ப் பக்கத்து மாப்பிள்ளை. 1921 செப்டம்பர் 11-ல் அவர் உயிர் போனது இந்தத் திருவல்லிக்கேணி வீட்டில். கடையத்தில் செல்லம்மாளைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது, ஆனால் இந்த வீட்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதே ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கினால் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். மத்தியான வெயிலில் தனியாகச் சுற்றுகிறவளுக்கு ஏ.சி.யில் யாரும் எழுப்பிவிடாத ஒரு நாற்காலி கிடைப்பது சாதாரண விஷயமா? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பது சென்னையிலும் உண்டு, வெளியூர்க்காரிதானே, ஆதாரைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. 29சி-யில் ஜன்னலோரம் பிடித்து பெசன்ட் நகர் வரைக்கும் போய் எலியட்ஸ் கடற்கரையைப் பார்த்தேன். பாத்ரூமுக்கு மெட்ரோ ஸ்டேஷன்களை நம்பலாம். இதையெல்லாம் எந்தச் சுற்றுலாப் பக்கமும் எழுதாது, ஆனால் பெண்கள் முதலில் கணக்குப் போடுவது இதைத்தான்.

சாப்பாடு மட்டும் கொஞ்சம் சங்கடம். "ஒரு ஆளா?" என்று கேட்டு, நாலு பேர் மேஜையில் உட்கார விடாமல் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள். ஒரு மெஸ்ஸில் பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு? ஒத்தையிலயா வந்திய?" என்றார். நாங்குநேரிக்காரர். ஆமாம் என்றதும் அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை, அவரும் சின்ன வயசில் ஒத்தையில் வந்தவர்தானே. ரசம் ரெண்டாவது தடவை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

நான் பெரிய தைரியசாலி என்று காட்ட இதை எழுதவில்லை. எங்கே இருக்கிறேன் என்று மகளுக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பிக்கொண்டேதான் இருந்தேன், எட்டு மணிக்கு முன்னால் ரூமுக்கு வந்துவிடுவேன். சென்னையில் இருக்கிற பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

சுற்றுலாத் துறைக்கு ஒரு வேண்டுகோள், நீங்கள் போட்டால்தான் அவர்கள் கண்ணில் படும். அடையாள அட்டை வைத்திருக்கிற ஒருவரை, தனியாக வந்தார் என்பதற்காக மட்டும் எந்த லாட்ஜும் திருப்பி அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டு, அதைக் கவுண்டரிலேயே எழுதி ஒட்டச் சொல்லட்டும். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசு 'தோழி' விடுதி நடத்துகிறது, திருநெல்வேலியிலேயே உண்டு. ஊர் பார்க்க வருகிற பெண்களுக்கும் பெரிய ஊர்களில் அப்படி ஒரு பத்து ரூம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

நம்ம ஊரும் யோக்கியமில்லை. சீசனில் குற்றாலத்துக்கோ பாபநாசத்துக்கோ சென்னையில் இருந்து ஒரு பெண் தனியாக வந்து இறங்கினால் அவளுக்கு ரூம் கொடுக்கிற லாட்ஜ் எத்தனை இருக்கும்? ரூம் கிடைத்தாலும், "யாரு கூடம்மா வந்தே?" என்று டீக்கடையில் இருந்து அருவிக்கரை வரைக்கும் அவள் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். லாட்ஜ் நடத்துகிற அண்ணாச்சிமார் இதைப் படித்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். எழும்பூர் அருங்காட்சியகமும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை கிடையாது, மெரினா கலங்கரை விளக்கம் திங்கள்கிழமை கிடையாது, கிண்டி சிறுவர் பூங்கா செவ்வாய்க்கிழமை கிடையாது. நெல்லையில் இருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இது முக்கியமா இல்லையா? எந்த இடம் என்றைக்கு லீவு, தனியாள் எங்கே தங்கலாம், இதை மட்டும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். பொங்கல் லீவுக்கு முன்னால் வந்தால் உபயோகமாக இருக்கும், எங்கள் மில்லிலேயே ரெண்டு பேர் விசாரித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்.